மூலைமட்டமும் வாசற்கதவும்: ஃப்ரீமேசன் அறப்பாடங்களை முன்வைத்து

ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளையான லாட்ஜில் முதற்படித் தீட்சை பெறுபவருக்கு மூன்று கருவிகளைக் காட்டி விளக்கம் சொல்வார்கள்: 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. அளவுகோலின் 24 அங்குலம் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். அதில் வழிபாட்டுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு, உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு பங்கு. தன் குடும்பத்துக்குக் கேடு வராத அளவில், துன்பத்தில் இருக்கும் நண்பருக்கு உதவ இன்னொரு பங்கு. சுத்தியல் மனச்சாட்சியின் வலிமை. வீண் எண்ணங்களை அது தட்டி உதிர்க்க வேண்டும். உளி கல்வி, கரடுமுரடான கல்லுக்கு அதுதான் வடிவம் தரும். இரண்டாம் படியில் மூலைமட்டம், மட்டப்பலகை, தூக்குக்குண்டு ஆகியவை வருகின்றன. மூலைமட்டம் நடத்தையின் நேர்மைக்கும், மட்டப்பலகை மனிதர் அனைவரும் ஒரே தளத்தில் நிற்பவர்கள் என்பதற்கும், தூக்குக்குண்டு சாயாத ஒழுக்கத்துக்கும் அடையாளங்கள். மூன்றாம் படியில் அளவுநூல், பென்சில், கவராயம். சடங்கின் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். கருவிகளும் சற்று மாறும். அமெரிக்க லாட்ஜ்களில் கரணையும் உண்டு, சகோதர அன்பென்னும் சாந்தைப் பூச. ஆனால் கொத்தனாரின் கைப்பையிலிருந்து ஒழுக்கநூலை எடுக்கும் முறை எங்கும் ஒன்றுதான். இந்தப் பாடங்கள் மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றன. கேட்டவர்களை அவை என்ன செய்தன என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பாடங்களில் குறையில்லை. ஆனால் அவை உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னைச் செதுக்கிக்கொள்ள மட்டும் பயன்பட்ட இடங்களில், சங்கம் தன்னைச் சுற்றியிருந்த சமூகத்தின் பாகுபாடுகளை அப்படியே சுமந்தது. அதே மூலைமட்டத்தை எடுத்துச் சங்கத்தின் வாசற்கதவில் யாராவது வைத்துப் பார்த்தபோதுதான் அந்த அறம் உயிர்பெற்றது.

முதலில் எழும் மறுப்பு மிக எளியது. உண்மை பேசு, உழை, உதவு, உடன்பிறந்தாராய் வாழ் என்பவையெல்லாம் எந்த மதநூலிலும் பள்ளிப் பாடத்திலும் இருப்பவை. இதற்கு ஏன் கண்கட்டும் கதவுதட்டலும் மூன்று படிகளும்? புதிய அறம் எதையும் கண்டுபிடித்ததாக லாட்ஜ் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் இதற்கு நேர்மையான பதில். அது நம்பியிருப்பது முறையை. முதற்படிச் சடங்கில் ஒரு கட்டம் இதைத் தெளிவாக்கும். உள்ளே வருமுன் புதியவரிடமிருந்து பணம், நகை, உலோகப் பொருள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். தீட்சை முடிந்ததும், கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் இடமான வடகிழக்கு மூலையில் அவரை நிறுத்தி, ஏழைகளுக்கென்று ஏதாவது தரும்படி எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார்கள். அவர் கையில் ஒன்றுமில்லை. அந்தச் சங்கடத்தை அவர் முழுதாக உணர்ந்த பிறகே, இந்த நிலையில் வந்து நிற்கும் ஒருவரைப் பின்னொரு நாள் சந்தித்தால் இந்த நொடியை நினைத்துக்கொள் என்று சொல்கிறார்கள். ஈகையைப் பற்றி நூறு சொற்பொழிவு கேட்டவரும் கேட்கப்படுபவராகவே இருந்திருப்பார். கொடுக்க முடியாதவராக நின்றிருக்க மாட்டார். வசதியுள்ள ஒருவரின் உடம்பில் இல்லாமையை ஒரு நிமிடமாவது உணர்த்தும் பாடம் இது. எனக்குத் தெரிந்த அறக்கல்வி முறைகளில் இதற்கு இணையாகச் சிக்கனமும் கூர்மையும் கொண்டது அதிகமில்லை. ஆகவே பழகிய அறம் என்ற குற்றச்சாட்டு பாதிதான் செல்லும். அறம் பழையது, பழக்கும் வழி அப்படியல்ல.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது இன்னொன்றும் புலப்படுகிறது. கல்தச்சர்களின் விதிகளைச் சொல்லும் ஆங்கிலக் கையெழுத்துச் சுவடிகளில் மிகப் பழையது ரீஜியஸ் சுவடி. ஏறத்தாழ 1390 அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது என்பது பலருடைய கணிப்பு. அதில் உருவகம் மிகக் குறைவு. பெரும்பாலும் தொழில் நடைமுறைதான். உணவுப் பொருள் விலைக்கு ஏற்பக் கூலி கொடு, கைக்கூலி வாங்காதே, செய்து முடிக்க முடியாத வேலையை ஒப்புக்கொள்ளாதே என்பது போன்ற கட்டளைகள். அடிமைநிலையில் இருப்பவனைப் பயிற்சிக்குச் சேர்க்காதே என்றும் ஒரு விதி இருக்கிறது. அதற்குக் காரணமும் நடைமுறை சார்ந்ததே: எசமான் வந்து அவனை வேலையிடத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போகலாம், அதனால் எல்லோருக்கும் தொல்லை வரும். பின்னர் கல்லைத் தொட்டறியாத கனவான்கள் இந்தச் சங்கங்களில் சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் கூடித் தலைமை அமைப்பு ஒன்றை (கிராண்ட் லாட்ஜ்) உண்டாக்கின என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அது 1721இல்தான் நடந்திருக்க வேண்டும் என்று அண்மைக்கால வரலாற்றாய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். எப்படியாயினும், 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் அச்சில் வந்தது. மதச் சண்டையில் ஒரு நூற்றாண்டுக் குருதி சிந்திய நாட்டில், எல்லா மனிதரும் உடன்படும் அந்த ஒரு சமயத்துக்கு மட்டும் உறுப்பினர் கட்டுப்பட்டால் போதும், தனித்தனிக் கருத்துகள் அவரவருக்கே என்று அது சொன்னது. அன்றைக்கு இது துணிச்சலான வாக்கியம். அதே நூல் யாரைச் சேர்க்கக் கூடாது என்றும் பட்டியலிட்டது: சுதந்திரப் பிறப்பு இல்லாதவர்கள், பெண்கள், ஒழுக்கக்கேடர்கள். வேலையிடத் தொல்லையைத் தவிர்க்கப் பிறந்த ஒரு விதி, காரணம் மறைந்த பிறகு, மனிதரைத் தரம்பிரிக்கும் அளவாக மாறிவிட்டது. மட்டப்பலகையும் இந்தப் பட்டியலும் ஒரே நூலின் பிள்ளைகள். பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வழக்குதான்.

அந்த வழக்கை முதலில் முழு வலிமையோடு தொடுத்தவர் பிரின்ஸ் ஹால். பாஸ்டன் நகரில் வாழ்ந்த சுதந்திரமான கறுப்பின மனிதர். 1775 மார்ச் 6 அன்று அவரும் வேறு 14 கறுப்பின மனிதர்களும் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றோடு இணைந்திருந்த ஐரிஷ் லாட்ஜில் தீட்சை பெற்றார்கள். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டு படை நகரைவிட்டுப் போனபின், அங்கிருந்த வெள்ளையர் லாட்ஜ்கள் அவர்களை ஏற்கவில்லை. அவர்கள் லண்டனுக்கு எழுதினார்கள். 1784 தேதியிட்ட அனுமதிப் பத்திரம் 1787இல் கைக்கு வந்தது. ஹால் லாட்ஜைத் தன் நல்லொழுக்கப் பயிற்சிக்கூடமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதே இங்கு முக்கியம். 1777இல் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குச் சென்ற மனுவில் அவர் கையெழுத்து இருக்கிறது. 1788இல் பாஸ்டனிலிருந்து சுதந்திரமான கறுப்பினத்தவர் மூவர் கடத்தப்பட்டபோது அவரும் அவர் லாட்ஜ் சகோதரர்களும் மனு எழுதினார்கள். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் அடிமை வணிகத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1792இலும் 1797இலும் தன் லாட்ஜுக்கு அவர் ஆற்றிய உரைகள் அச்சில் கிடைக்கின்றன. சகோதரத்துவம், கடமை, துன்பத்தில் பொறுமை என்ற வழக்கமான பாடங்களையே அவர் பேசுகிறார். ஆனால் பாஸ்டன் தெருக்களில் தம் மக்கள் நாள்தோறும் படும் அவமானத்தையும் அதே மூச்சில் சொல்கிறார். ஃப்ரீமேசன் ஒழுக்க உரை என்ற வகையில் எவரேனும் ஒரு மாதிரி கேட்டால் அந்த 1797 உரையைத்தான் நான் காட்டுவேன். அந்த லாட்ஜிலிருந்து வளர்ந்த பிரின்ஸ் ஹால் மரபை அமெரிக்காவின் வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ்கள் ஏற்பதற்கு இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. 1989இல் கனெக்டிகட் முன்வந்தது. இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் மாசசூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை 1994இல் அங்கீகரித்தது. மற்ற மாநிலங்கள் ஒரே வேகத்தில் வரவில்லை. அந்த இரு நூற்றாண்டுகளிலும் வெள்ளையர் லாட்ஜ்களில் மட்டப்பலகையின் பொருள் பிழையில்லாமல் ஓதப்பட்டுத்தான் வந்தது.

ஐரோப்பாவில் இதே கதவு யூதர்கள் முன் நின்றது. இங்கிலாந்தின் லாட்ஜ்கள் 1730களிலேயே யூதர்களைச் சேர்த்தன. ஜெர்மானிய லாட்ஜ்கள் பல அவ்வாறு செய்யவில்லை. பிரஷ்யாவின் பழைய கிராண்ட் லாட்ஜ்கள் கிறிஸ்தவரல்லாதாரைத் தள்ளியே வைத்தன. 1771இல் ஹாம்பர்க்கில் தீட்சை பெற்ற எழுத்தாளர் லெசிங், 1778இல் வெளிவரத் தொடங்கிய 'எர்ன்ஸ்ட்டும் ஃபால்க்கும்' என்ற உரையாடல்களில் இந்த முரணைத் தொட்டுக்காட்டினார். நாடு, மதம், தகுதி ஆகிய மூன்றும் மனிதரைச் சேர்க்கும்போதே பிரித்தும் விடுகின்றன; அந்தப் பிளவுகளைக் கடக்கும் மனிதர்களே உண்மையான மேசன்கள் என்பது அவர் வாதம். அப்படியானால் பிளவுகளைத் தன் வாசலிலேயே வைத்திருக்கும் லாட்ஜ் என்ன? லெசிங் அமைப்பையும் அதன் நோக்கத்தையும் பிரித்துப் பார்த்தார். தன் சங்கத்தை நேசித்த ஒருவர் அதன் கருவியாலேயே அதை அளந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது.

இந்தியாவில் இந்த வரலாறு நமக்கு நெருக்கமானது. எனவே இங்குக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்கத்தாவில் 1730ஐ ஒட்டியும் சென்னையில் 1752இலும் லாட்ஜ்கள் தோன்றின. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் படைவீரர்களுமே உறுப்பினர்கள். 1770களில் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உம்ரா திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றார். லண்டன் தலைமைச் சங்கம் மகிழ்ந்து அவருக்கு மேசன்கள் இடுப்பில் கட்டும் அலங்கார ஏப்ரனும் விதிநூலும் அனுப்பியது. இதைச் சமத்துவத்தின் வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனிக்கு நவாபின் குடும்பம் தேவைப்பட்ட காலம் அது. இளவரசருக்குத் திறந்த கதவு சாதாரண இந்தியருக்குத் திறக்கவில்லை. பம்பாயில் பார்சி சமூகத்தைச் சேர்ந்த மானக்ஜி கர்செட்ஜி 1840களில் விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். அவர் பாரிஸில் தீட்சை பெற்றார். அதன்பின் 1843இல், இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே, ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற மருத்துவரின் முயற்சியால் பம்பாயில் 'ரைசிங் ஸ்டார்' லாட்ஜ் தொடங்கியது. இந்துக்கள் விஷயத்தில் தயக்கம் இன்னும் அதிகம். பல தெய்வங்களை வணங்குபவர் ஒரே இறைவனை நம்புபவராகக் கொள்ளப்படலாமா, எந்த நூலின் மேல் அவரிடம் உறுதிமொழி வாங்குவது என்றெல்லாம் கேட்டார்கள். கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத் 1860களில் விண்ணப்பித்தார். வங்காளத்தில் ஆசியர்களைச் சேர்க்க மாகாணத் தலைவரின் தனி அனுமதி வேண்டும் என்று ஒரு துணைவிதி வைத்திருந்தார்கள். தத் விடவில்லை. சங்கத்தின் பொது விதிகளில் அப்படியொரு தடை இல்லை என்று காட்டி லண்டன் வரை எழுதினார். 1872இல் உள்ளே போனார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1884இல், அதே கல்கத்தாவில் 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜில் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத் பின்னாளில் விவேகானந்தர் ஆனார். வாசல் மாறியிருந்ததை அதிலிருந்து அறியலாம். அதை மாற்றியது ஆங்கிலேயச் சகோதரர்களின் உள்ளக் கனிவு மட்டும் அல்ல. வெளியே நின்ற ஒருவர் அவர்களுடைய விதிநூலை அவர்களைவிடக் கவனமாகப் படித்ததுதான்.

உள்ளே போனபின் என்ன? ருட்யார்ட் கிப்ளிங் 1886இல் லாகூரில் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். 'த மதர் லாட்ஜ்' என்ற அவருடைய கவிதை பல சமயத்தவர் ஒரே அறையில் சமமாக அமர்ந்ததைக் கொண்டாடுகிறது. உலகெங்கும் மேசன்கள் விரும்பிச் சொல்லும் கவிதை அது. அதில் போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது: சகோதரர் ஒருவருடைய சாதி கெட்டுவிடுமே என்பதால் லாட்ஜில் விருந்து வைப்பதில்லை. வெளியே அதிகாரி அதிகாரிதான், ஊழியர் ஊழியர்தான் என்பதையும் கவிதை மறைக்கவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் 1920களில் தனிப்பந்தி ஓர் அரசியல் பிளவையே உண்டாக்கியதை அறிந்த தமிழ் வாசகருக்கு, விருந்து இல்லாத சமத்துவத்தின் எல்லை உடனே விளங்கும். ஆங்கிலேயர் இனப்படியைக் கதவுக்கு வெளியே விட்டுவந்ததாகச் சொன்னார்கள். இந்தியர் சாதிப்படியை உள்ளேயே கொண்டுவந்தார்கள். இரண்டு தரப்பும் மட்டப்பலகையை வணங்கிவிட்டு, அதை எங்கே வைக்கக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போயின. காலனிய லாட்ஜின் அறத்தை எடைபோடும்போது ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்வது நமக்கு வசதியாக இருக்கும், நியாயமாக இராது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயரும் இந்தியரும் பெயர்சொல்லி ஒரே அறையில் வரிசைமுறைப்படி தலைமை ஏற்கக்கூடிய இடங்கள் அன்றைய இந்தியாவில் மிகக் குறைவு. அவற்றில் லாட்ஜ் ஒன்று. 1961இல் இந்தியக் கிராண்ட் லாட்ஜ் தனியாக அமைந்தபின், அதன் லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிப், ஜெண்ட் அவெஸ்தா ஆகியவற்றைச் சேர்த்துத் திறந்துவைக்கும் வழக்கம் உண்டு. எந்த நூலின் மேல் உறுதிமொழி என்று பிரசன்ன குமார் தத்தின் காலத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை.

பெண்கள் விஷயத்தில் விடை இன்னும் முழுமையாகவில்லை. 1882இல் பாரிஸ் அருகே ஒரு லாட்ஜ் தன் தலைமையோடு உறவை முறித்துக்கொண்டு மரியா தெரேம் என்ற பெண்ணியவாதிக்குத் தீட்சை அளித்தது. 1893இல் அவரும் ஜோர்ஜ் மார்த்தானும் ஆண் பெண் இருபாலாரும் சேரும் அமைப்பைத் தொடங்கினார்கள். 1902இல் அதில் சேர்ந்த அன்னி பெசன்ட் அதை இங்கிலாந்துக்கும், பிறகு அடையாறு வழியாக நம் பக்கத்துக்கும் கொண்டுவந்தார். பெண்களுக்கு மட்டுமான கிராண்ட் லாட்ஜ்களின் நடைமுறை பெண்கள் என்பதைத் தவிர மற்றவகையில் முறையானது என்று இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 1999இல் சொன்னது. ஆயினும் தன் லாட்ஜ்களில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆண்கள் மட்டும் கூடுவதற்கும் உரிமை உண்டு, எந்தச் சங்கமும் எல்லோரையும் சேர்க்க வேண்டியதில்லை என்பது இங்கு வரும் மறுப்பு. கேளிக்கைச் சங்கத்துக்கு அந்த மறுப்பு பொருந்தும். மனித இனம் முழுவதும் ஒரே தளத்தில் நிற்கிறது என்பதை உயர்ந்த பாடமாகக் கற்பிக்கும் சங்கம் அந்த உரிமையைக் காட்டித் தப்பிக்க முடியாது. தன்மேல் அது தானே ஏற்றிக்கொண்ட அளவு அது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த விலக்கல்கள் எல்லாம் அந்தந்தக் காலத்தின் குறைகள், மேசன் அறத்தின் குறைகள் அல்ல. கோயில், தேவாலயம், பள்ளி, மன்றம் என எதில்தான் இவை இல்லை? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தானாகக் காலம் மாறியதால் கதவு திறந்ததாக ஆதாரங்கள் காட்டவில்லை. பிரின்ஸ் ஹால் சகோதரத்துவத்தின் மொழியிலேயே வாதிட்டார். பிரசன்ன குமார் தத் விதிநூலைக் கையில் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தபின், சுதந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆங்கிலக் கிராண்ட் லாட்ஜ் 1847இல் சுதந்திர மனிதராக இருக்க வேண்டும் என்று திருத்தியது. தாயின் விலங்கை மகன்மீது சுமத்துவது தன் கொள்கைக்கு ஒவ்வாது என்று கண்டதன் விளைவு அது. ஆகவே பாடங்கள் வெறும் அலங்காரமல்ல. அவற்றுக்குச் சங்கத்தை மாற்றும் ஆற்றல் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அந்த ஆற்றலைப் பயன்படுத்தியவர்கள் கதவுக்கு வெளியே நின்றவர்கள். உள்ளே வசதியாக அமர்ந்திருந்தவர்களுக்கு அதே சொற்கள் தாலாட்டாக இருந்தன.

இரகசியம், பக்கச்சார்பு என்ற இரு குற்றச்சாட்டுகளைப் பிரித்தே பார்க்க வேண்டும். சடங்குகள் 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் வெளியிட்ட நூலிலிருந்தே அச்சில் கிடைக்கின்றன. ஆகையால் சடங்கு இரகசியம் யாருக்கும் தீங்கானதல்ல. வாக்குக் காப்பதற்கான பயிற்சி என்ற அளவில் அதற்கு ஒரு பொருளும் உண்டு. உறுதிமொழியில் இருந்த கொடிய உடல்தண்டனைச் சொற்களை இங்கிலாந்தில் 1986இல் நீக்கிவிட்டார்கள். முன்பே நீக்கியிருக்க வேண்டும். ஆபத்து இருப்பது உறுப்பினர் யார் என்ற இரகசியத்தில். 1826இல் நியூயார்க் மாநிலத்தில் மேசன் இரகசியங்களை வெளியிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் கடத்தப்பட்டு மறைந்துபோனார். அவர் காணாமல்போனதைவிட, கடத்தியவர்களுக்குக் கிடைத்த இலேசான தண்டனையும், நீதித்துறையில் இருந்த சகோதரர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள் என்ற பரவலான நம்பிக்கையும் மக்களைக் கொதிக்கச் செய்தன. அதிலிருந்து ஓர் அரசியல் கட்சியே பிறந்து 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. 1981இல் இத்தாலியில் லிசியோ ஜெல்லியின் பி2 லாட்ஜின் 962 பேர் கொண்ட பட்டியல் கிடைத்தபோது, அதில் அமைச்சர்களும் உளவுத்துறைத் தலைவர்களும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். அரசு கவிழ்ந்தது, இரகசியச் சங்கங்களைத் தடைசெய்து 1982இல் சட்டம் வந்தது. ஒழுங்கான லாட்ஜ்கள் பி2வைத் தம்மைச் சேர்ந்ததாக ஏற்பதில்லை. சரிதான். ஆனால் மூன்றாம் படியின் கதையை அறிந்தவர்கள் அத்தோடு நிறுத்தக் கூடாது. சாலமோன் ஆலயத்தின் தலைமைச் சிற்பி ஹைராமைக் கொன்றவர்கள் வெளியாட்கள் அல்லர். உழைத்துப் பெறாத உயர்படியை மிரட்டிப் பெற நினைத்த சக தொழிலாளர் மூவர். மேசன்கள் இந்தக் கதையை ஹைராமின் உறுதிக்காக நினைவுகூர்கிறார்கள். சங்கத்தின் பெயரால் தகுதியில்லாத பலனைத் தேடுபவர் சங்கத்துக்குள்ளிருந்தே வருவார் என்ற அதன் மறுபக்கப் பாடம்தான் இன்று அதிகம் வேண்டும் என்பது என் கருத்து.

பக்கச்சார்பு பற்றி 1723 விதிநூலே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. தன் சக்திக்கு மீறி யாரும் செய்ய வேண்டியதில்லை. ஒரே நிலையில் இரண்டு ஏழைகள் இருந்தால் நல்லவரான சகோதரரை முதலில் கவனிக்கலாம், அவ்வளவே. சேரும்போது ஆதாய நோக்கம் இல்லை என்று ஒவ்வொருவரும் அறிவிக்கவும் வேண்டும். விதி தெளிவு, ஆனால் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை வெளியே இருப்பவர் அறிய வழியில்லாதபோது விதியால் பயனில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உள்துறைக் குழு 1997இல் காவல்துறையிலும் நீதித்துறையிலும் உள்ள மேசன்கள் பற்றி ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு முதல் புதிய நீதிபதிகள் தம் உறுப்பினர் நிலையைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2009இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கட்டாயப்படுத்தித் தெரிவிக்கச் சொல்வது கூட்டுச்சேரும் உரிமைக்கு இடையூறு என்ற மேசன்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். நாஜிகளும் ஸ்பெயினின் பிராங்கோவும் உறுப்பினர் பட்டியல்களை வைத்தே மேசன்களை வேட்டையாடினார்கள். அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. அதனால்தான் சட்டம் கேட்கும்முன் மேசன் தானாக முன்வந்து சொல்வது அதிக மதிப்புடையது. அச்சமில்லாத நாட்டில், பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் பதவியில் இருப்பவர் இதை மறைக்கத் தூக்குக்குண்டு எந்த நியாயமும் தரவில்லை.

மத எதிர்ப்பை இங்குச் சுருக்கமாகவே தொட முடியும். போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் 1738இலும் பதின்மூன்றாம் லியோ 1884இலும் கத்தோலிக்கர் மேசன் ஆவதைக் கண்டித்தார்கள். 1983இல் அத்தடை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எல்லாச் சமயங்களையும் ஒரே தளத்தில் வைப்பது உண்மையைப் பற்றிய கவலையின்மை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். லாட்ஜ் மீட்பு எதையும் வாக்களிப்பதில்லை, சமயக் கோட்பாடும் கற்பிப்பதில்லை. எனவே அதை மாற்று மதம் என்பது பொருந்தாது. ஆனால் கோட்பாடு இல்லாமலே அறம் நிற்க முடியும் என்று நடைமுறையில் காட்டுவதும் ஒரு நிலைப்பாடுதான்; அதைத் திருச்சபை சரியாகவே கண்டுகொண்டது. பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் 1877இல் இறைநம்பிக்கை நிபந்தனையையே நீக்கியபோது ஆங்கில மரபு அதனோடு உறவை முறித்தது. இரு மரபுகளிலும் ஈகையும் சகோதரத்துவமும் பாடமாகத் தொடர்கின்றன. ஒழுக்கத்தில் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்துபோனதற்கு நான் சான்று காணவில்லை.

இந்தப் பாடங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்றைய உறுப்பினர்களிடம், சென்னை எழும்பூர் ஃப்ரீமேசன் ஹாலில் கூடுபவர்கள் உட்பட, சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் கருவி விளக்கங்களை மனப்பாடமாகச் சொல்வதில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை மதிக்கத்தக்கது. அடுத்த முறை மட்டப்பலகையின் விளக்கம் முடிந்ததும், உங்கள் லாட்ஜின் உறுப்பினர் பட்டியலை எடுத்து வையுங்கள். கடந்த பத்தாண்டில் எந்தச் சாதியிலிருந்து, எந்தத் தொழிலிலிருந்து, எந்த வருமானத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டணமும் விருந்துச் செலவும் யாரை வாசலுக்கு வரவிடாமலே செய்கின்றன என்று கணக்கிடுங்கள். உங்கள் அறக்கொடையில் எவ்வளவு சங்கத்துக் குடும்பங்களுக்குப் போகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்பதை ஆண்டுதோறும் எவரும் படிக்கும்படி வெளியிடுங்கள். பொறுப்பான அரசுப் பதவியில் இருந்தால் நீங்கள் மேசன் என்பதை நீங்களே சொல்லுங்கள். பெண்கள் பற்றிய விதியைத் தலைமைச் சங்கத்தின் விவாதத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அமெரிக்காவில் பிரின்ஸ் ஹால் லாட்ஜ்களை அங்கீகரிக்க வைக்க இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. இந்தக் காரியங்களுக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.